பெரியப்பாவின் கட்டைவிரல்

டிவி முன்னால் உட்கார்ந்ததும் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, ரிமோட்டைத் தொடைமேல் வைத்து, வலது கட்டைவிரலை மியூட் பொத்தான்மேல் பட்டும் படாமலும் நிறுத்துவார். விளம்பரம் வந்தால் ஒரு அழுத்து. பிடிக்காத ஆள் வாயைத் திறந்தால் ஒரு அழுத்து. மற்ற பொத்தான்களில் எழுத்து இருந்தது. அதில் மட்டும் வெறும் ரப்பர்.

ஆயுள் முழுக்க லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். எந்த மெஷினில் எந்த பேரிங் போகப்போகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார் எனப் பட்டறையில் பெயர். அதே பட்டறை அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றும் இருந்தது. ஆனால் காது மந்தம் என்று அவரிடமே யார் சொல்வது, பூனைக்கு யார் மணி கட்டுவது?

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்து நான் அவர்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தேன். மடியில் கவிதைப் புத்தகம், காதில் டிவி. அதிகம் பேசாத எனக்குப் பெரியப்பா வைத்த பெயர் ஊமை.

"என்னடா ஊமை, வரியெல்லாம் பாதியில பாதியில நிக்குது? அதான் இவ்ளோ காகிதம் மிச்சம் இருக்கே, முழுசா எழுதச் சொல்றதுதானே?"

சினிமாவையும் விடமாட்டார். சண்டைக் காட்சியில், "அந்தக் கொக்கி இவ்ளோ எடை தாங்காதுடா. ஹீரோ விழுந்தா கம்பெனிதான் பதில் சொல்லணும்" என்பார். பேய்ப் படத்தில் வீட்டுக்காரனுக்காகக் கவலைப்படுவார்: "இனிமே எவன் வாடகைக்கு வருவான்?" ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால், "டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டான், ஆள் அவுட்" என்று சிரித்துவிட்டுத் தன் கண்ணாடியையும் கழற்றித் துடைப்பார். ஆனால் படத்தில் அப்பனும் மகளும் சேர்கிற இடம் வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவார். படம் முடிந்த பிறகுதான் வருவார்.

அவருடைய ஒரே மகள், என் அக்கா, வங்கி வேலையை விட்டுவிட்டு டப்பிங் பேசப் போனதுதான் காரணம். "மூஞ்சி தெரியாத பொழப்பு ஒரு பொழப்பா?" என்று இவர் கத்தியிருக்கிறார். "அப்படின்னா என் குரலும் உங்க காதுல விழாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதன் பிறகு பெரியம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசினாள். போன் மணி அடித்தால் இவர் வாசலுக்குப் போவார். வைத்ததும் உள்ளே வந்து, "என்னவாம்?" என்பார்.

ஒருநாள் பெரியம்மா சொன்னாள்: "சாயங்கால டப்பிங் சீரியல்ல பேசறாளாம். யாருக்குன்னு சொல்லல. 'காது காதுன்னு பீத்திக்குவாரே, அவரே கண்டுபிடிக்கட்டும்'ங்கறா."

அன்றிலிருந்து அந்தச் சீரியலை அவர் ஒருநாளும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டே பார்த்தார். வாரம் திரும்புவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "மருமகப் பொண்ணு. அவதான். அந்த இழுவையைப் பாரு, அப்படியே நம்ம பொண்ணு." எனக்கு அக்காவின் குரல் ஞாபகமில்லை. பெரியம்மா அடுப்படியிலிருந்தே, "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மருமகள் பேசும்போது மின்விசிறியைக்கூட நிறுத்தச் சொல்வார். மாமியார் வாயைத் திறந்ததும் கட்டைவிரல் இறங்கும்.

"ஏங்க, அவளும் பேசட்டுமே. கதை புரிய வேணாமா?"

"புரிஞ்ச வரைக்கும் போதும். தகரத்துல அரத்தைப் போட்டு இழுக்கற மாதிரி ஒரு குரல். என் பொண்ணையே திட்டறா, அதை வேற நான் கேட்கணுமா?"

சீரியல் முடிந்த அன்று பெரியம்மாவின் போனை அவரே வாங்கினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"நான்தாம்மா. கண்டுபிடிச்சிட்டேன். அந்த மருமக நீதானே?"

பெரியப்பா போனைத் தட்டிப் பார்த்தார்.

"ஆமாப்பா" என்றாள் அக்கா.

"பார்த்தியா! நல்லாப் பேசினே. அந்த மாமியாக்காரி குரலைத்தான் கேட்க முடியல. அவ வந்தாலே மியூட் போட்டுருவேன்."

"நல்லதுப்பா."

"வீட்டுக்கு வாம்மா."

"வரேன்ப்பா."

அதன் பிறகு வருவோர் போவோரிடமெல்லாம் அவர் தன் காதின் பெருமையைச் சொன்னார். அக்கா அவரோடும் போனில் பேசினாள், இரண்டு வார்த்தை. வரேன் வரேன் என்றாளே தவிர வரவில்லை. "வேலை இருக்கும்டா" என்று என்னிடம் அவரே சமாதானம் சொல்வார். வாசலில் ஆட்டோ நின்றால் மட்டும் டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டுக் காது கொடுப்பார்.

நெஞ்சு வலி என்று படுத்தவர் எழவில்லை. அக்கா வந்து சேர்ந்தபோது கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோரும் போன பிறகு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தாள். எழுத்தில்லாத அந்தப் பொத்தானைத் தடவினாள்.

"இதுவா?"

தலையாட்டினேன்.

"அந்த மாமியாருக்கு நான்தான்டா பேசினேன். எப்படித் திட்டறதுன்னு முதல்ல பிடிபடல. அப்பாவை நினைச்சுக்கிட்டுப் பேசினேன்."