கால் எடுக்கிற டாக்டர்

செம்பூரில், திலக் நகர் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய கிளினிக் இருந்தது. மாட்டுங்காவில் வளர்ந்தவர். ராணுவத்தில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து, மலை எல்லையில் ஒரு போரைப் பார்த்துவிட்டு, வெளியே வந்தபின் எலும்பு மருத்துவம் படித்தார். நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகைக்காக அவரைப் பேட்டி கண்டேன். மூன்று மணி நேரம் பேசினார். அதில் பத்து நிமிடம்தான் போர். வானம் தெளிந்தால்தான் ஹெலிகாப்டர் வரும். அதுவரை காலைக் காப்பாற்றப் பார்த்தால் ஆள் போய்விடுவான். அதனால் வெட்டினேன் என்றார். மீதி நேரமெல்லாம், அப்படி வெட்டியதாலேயே வெட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்ட கதை. நான் அந்தப் பத்து நிமிடத்தை எழுதினேன். ‘கால்களை எடுத்த கை’ என்ற தலைப்பும் நான் வைத்ததுதான்.

தாராவியில் என் அக்கா அதைக் கத்தரித்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். தம்பி எழுதியது. தமிழ் வாசிக்க வராத தெருப்பிள்ளைகளுக்கு அவளே வாசித்தும் காட்டினாள்.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பிய அத்தான் மேலறையிலிருந்து இறங்கும் இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்தார். வலது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தோல் கிழியவில்லை. அவர் பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுபவர். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. நான் குடியிருந்த காட்கோபரிலிருந்து போன் செய்து, செம்பூர் டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னேன்.

“அவருகிட்டயா? காலை எடுத்துருவாருல்லா. நீதானல எழுதியிருக்க” என்றாள் அக்கா.

“அது சண்டையில, அக்கா.”

“கை அதே கைதான?”

எலும்பு முறிந்தால் தெருவில் எல்லோரும் கூப்பிடும் நாட்டுக் கட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தம்மாவைக் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். இரண்டு நாள் அத்தான் கத்தினார். புதன்கிழமை வலி நின்றது. “ஆண்டவரு ஜெபத்தைக் கேட்டுட்டாருல. வலியே இல்லங்காவ” என்று அக்கா போனில் சொன்னாள். நானும் நிம்மதியாக வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை நாற்றம் வந்தது.

அதன்பிறகுதான் டாக்சி வைத்துச் செம்பூர் போனோம். டாக்டர் கட்டைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். போரில் ஸ்ட்ரெச்சர் வந்ததும் முதலில் பூட்ஸைக் கழற்றச் சொல்வாராம். பேட்டியில் சொன்னார், நான் எழுதவில்லை. கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். திரும்பவில்லை.

“வலி எப்போ நின்னது?”

“புதங்கெழம சார். ஆண்டவர் கிருபையில” என்றாள் அக்கா.

“அன்னிக்குத்தான் கால் போயிருக்கு.”

கட்டை அறுத்து எடுத்ததும், தோலின் கறுப்பு முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினார். “ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்றேன். இதைத் தாண்டறதான்னு பார்த்துண்டே இருங்கோ. முட்டி மிஞ்சினா செயற்கைக் காலை மாட்டிண்டு நடக்கலாம். அதுக்கும் மேல ஏறித்துன்னா உசிரைத்தான் பார்க்கணும்” என்று என்னிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் அகலம் தாண்டியது. டாக்டர் வந்து இரண்டாவது கோடு போட்டார். அதைத் தொடுவதற்குள் அத்தானை உள்ளே கொண்டுபோனார்கள். முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வெட்டினார். முட்டி மிஞ்சியது.

பத்திரிகையில் திருத்தம் போடுகிறேன் என்றேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

“என்னன்னு போடுவேள்? அவர் காலை எடுக்கறவர் இல்லைன்னா? இன்னிக்கு எடுத்திருக்கேனே.”

அத்தான் வீட்டுக்கு வந்ததும் தெருக்காரர்கள் பார்க்க வந்தார்கள். “செம்பூர் டாக்டர்ட்டயா போனிய? பேப்பர்லயே போட்டிருந்தாவல்லா” என்றார் ஒருவர். தாமதமாகக் கொண்டுபோனது நாங்கள், முட்டியைக் காப்பாற்றியது அவர் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். கண்ணோ போர்வை தட்டையாகக் கிடந்த இடத்திலேயே இருந்தது. கிளம்பும்போது, தன் மருமகனுக்குக் கை எலும்பு விட்டிருக்கிறது, கட்டுக்காரர் நம்பர் வேண்டும் என்றார்.

“தொலைஞ்சுபோச்சு” என்றாள் அக்கா.

தாராவியில் அந்த நம்பர் யாரிடமும் கிடைக்கும்.