அத்தைக்குப் பொருத்தம் பார்த்த கம்ப்யூட்டர்

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரை என் படிப்புக்காக வாங்கியதாக அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். உண்மையில் அதில் ஓடியது அவருடைய ஜாதகப் பொருத்த சிடி மட்டும்தான். அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளை வீட்டார் அனுப்பும் கட்டங்களை அப்பா நம்ப மாட்டார். பிறந்த தேதியையும் நேரத்தையும் வாங்கி, தானே போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஒருநாள் வைரஸ் புகுந்து விண்டோஸ் படுத்துவிட்டது. அம்மாவின் தம்பி துவாக்குடியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அந்த மாமா பஸ் ஏறி வந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். ஜாதக சிடி அதில் ஓடாது என்றதும் அப்பாவின் முகம் தொங்கிப்போனது. மாமா கூடவே வேறு எதையோ ஏற்றினார்; சிடி ஓடியது. எப்படி என்று கேட்டேன்.

"நடுவுல ஒரு ஆளு உக்காந்திருக்கு பாப்பா. சிடி விண்டோஸ்கிட்ட கேக்கறதையெல்லாம் அது லினக்ஸ்கிட்ட வாங்கிக் குடுத்துடும். வீடு மாறினதே சிடிக்குத் தெரியாது."

அந்த நடு ஆள் முரண்டு பிடிக்கும், நான் இல்லாமல் தொடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தார். அதனால் வரன் வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் வந்துவிடுவார். அப்பா பேப்பரைப் பார்த்து வாசிக்க, மாமா தட்டுவார். அத்தையின் ஜாதகம் சமர்த்தாக வந்துவிடும். பிள்ளையின் ஜாதகத்துக்கு முன்னால் மட்டும் லினக்ஸில் இந்திய நேரத்தை வெளிநாட்டு நேரமாக மாற்றுவார், முடிந்ததும் திருப்பி வைப்பார். முரண்டுக்கு அதுதான் வைத்தியம் என்று நினைத்தேன். சிடி பிறந்த நேரத்தையும் அந்த வெளிநாட்டுக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும், சில மணி நேரம் தள்ளிப்போனால் லக்னமே மாறிவிடும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். கே.கே. நகர் வரனுக்குச் செவ்வாய் தோஷம் வந்தது. அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருந்தவருக்கும் அதேதான். அப்பா பெருமூச்சு விடுவார். அத்தை சந்தோஷமாகக் காபி கொண்டுவருவாள். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

கடைசியில் அம்மாதான், "என் தம்பிக்கும் ஒருதரம் பாருங்களேன்" என்றாள். தன் ஜாதகத்தைத் தானே தட்டுவது சரியில்லை என்று மாமா ஒதுங்கிக்கொள்ள, அப்பாவே உட்கார்ந்தார். எல்லாம் பொருந்தியது, தோஷமும் இல்லை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ பயம். வைத்தியம் பார்க்காமல் போட்ட ஜாதகம் தப்பாகத்தானே இருக்கும்?

"அப்பா, மாமா இன்னும் நேரத்தை மாத்த..." என்று ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து அத்தையின் கை என் வாயைப் பொத்தியது. "நல்ல சேதி, மொதல்ல இனிப்பு சாப்பிடு" என்று வாய் நிறையச் சர்க்கரையைப் போட்டாள். இவ்வளவு நல்ல சேதிக்கு என் வாயை ஏன் அவ்வளவு அவசரமாகப் பொத்தினாள் என்று எனக்குப் புரியவே இல்லை.