துணியில் தைத்த டிராக்டர்

எங்கள் ஷோரூமுக்கு வருகிறவர்கள் முதலில் டயரை ஒரு உதை உதைப்பார்கள். ஏன் உதைக்கிறார்கள் என்று பதினாறு வருடமாக டிராக்டர் விற்கும் எனக்கும் தெரியாது, உதைக்கிறவர்களுக்கும் தெரியாது. உதைக்காத ஒரே ஆள் டெய்லரம்மாதான். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி, டயரின் அகலத்தை அளந்து, காதில் செருகியிருந்த பென்சிலால் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

பெண்களுக்குத் துணி தைக்கும் கடை வைத்திருப்பவர் அவர். ஐம்பதை நெருங்கும் வயது, கொஞ்சம் குள்ளம். அவர் தைத்த துணி இறுக்கம் என்றோ தொளதொள என்றோ ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை என்று பேர். மெஷின் மிதித்துச் சேர்த்ததில் ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் கொய்யாத் தோட்டம் வாங்கியிருந்தார். விடிந்ததும் தோட்டம், பத்து மணிக்குக் கடை, இதுதான் அவர் நாள்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணவர், தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிறவர். கடிதங்களை மட்டும்தான் இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று தீர்மானமாகப் பிரிப்பார் போலிருக்கிறது. மற்றபடி யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். இன்னொருவர் கணவரின் தம்பி. வந்த ஐந்தாவது நிமிடம் எனக்கே டீசல் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று பாடம் எடுத்ததால், நான் மனதுக்குள் அவருக்கு 'இன்ஜினியர்' என்று பெயர் வைத்தேன். இவரிடம் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. அண்ணியின் தோட்டத்தையும் அதில்தான் உழுது கொடுத்துவந்தார். எப்போது? ஊரில் எல்லாருக்கும் உழுது முடித்து, தூங்கி எழுந்து, அதற்கப்புறமும் மனசு வந்தால். போன முறை அவர் வந்து சேர்ந்தபோது களை இடுப்பளவு வளர்ந்திருந்தது. இப்போது அந்த டிராக்டர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதனால்தான் டெய்லரம்மா சொந்தப் பணத்தில் புதிது வாங்க வந்தார், இன்ஜினியர் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வந்தார்.

இன்ஜினியர் நேராகப் போய் நாற்பத்தைந்து எச்பி வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார். அண்ணனைக் கூப்பிட்டு பானெட்டைத் திறந்து காட்டினார். அண்ணனும் தம்பியும் இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில் டெய்லரம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கிளட்சுக்குக் காலை நீட்டினார். எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு வந்து, முதுகு அந்தரத்தில் தொங்க, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பாதிதான் அமுங்கியது. இறங்கி, ஓரமாக நின்ற இருபத்திரண்டு எச்பி சின்ன வண்டியில் ஏறினார். மெஷின் மிதிக்கிற மாதிரி சுலபமாக மிதித்தார். அப்போதுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். நாடாவைச் சுருட்டினார்.

"அண்ணி, அது பொம்மை," என்றார் இன்ஜினியர் பானெட்டிலிருந்து தலையை எடுத்து. "பெரிசுதான் வேலைக்கு ஆகும். நாளைக்கே நாலு தோட்டத்துக்கு வாடகைக்கு ஓட்டணும்னாலும்..."

"வாடகைக்கா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பெரிசு எங்க வீட்டு ஷெட்டுல நிக்காதே, தம்பி."

"அதுக்கென்ன, என் ஷெட்டுல நிக்கட்டும்."

"அதுவும் சரிதான்," என்றார் கணவர்.

விஷயம் எனக்கே அப்போதுதான் புரிந்தது. ஆனால் பெரிய வண்டியை யார் தலையில் கட்டினாலும் மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சின்ன வண்டிக்கு அந்தச் சிரிப்பு கிடையாது. அதனால் டெய்லரம்மா, "கொய்யா வரிசைக்குள்ள பெரிசு நுழையணுமே?" என்று கேட்டதும் முந்திக்கொண்டேன். "ஊசியில நூல் கோக்கற மாதிரி நுழையும்மா."

"நீங்க ஊசியில நூல் கோத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"தோட்டத்தைப் பாத்திருக்கீங்களா?"

அதற்கும் இல்லைதான். இன்ஜினியர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். ஒரு வண்டியைத் தோட்டத்துக்கு அனுப்பச் சொன்னார், ஓட்டியே காட்டிவிடலாம் என்றார். ஓட்டிக் காட்டுகிற வண்டிகள் இரண்டும் கண்காட்சிக்குப் போயிருந்தன, திரும்பப் பத்து நாள் ஆகும். ஷோரூமில் நிற்பவற்றைப் பதிவு செய்யாமல் வெளியே எடுக்க முடியாது. இன்ஜினியருக்கோ இந்த வாரமே வண்டி வேண்டும்.

"அப்ப நான் தைச்சுப் பாத்துக்கறேன்," என்றார் டெய்லரம்மா. "ரெண்டையும் தைக்கறேன். வரிசைக்குள்ள எது கிளை ஒடிக்காம போய்த் திரும்புதோ அதை வாங்குவோம். ரெண்டும் திரும்பிச்சுன்னா உங்க இஷ்டம், தம்பி."

இன்ஜினியர் பெரிதாகச் சிரித்துச் சம்மதித்தார். பெரிய வண்டி நுழையும் என்பது அவருக்குத் தெரியும். டெய்லரம்மா சிரிக்காமல் அரை மணி நேரம் அளவெடுத்தார். மட்கார்டைத் தோள் என்றார், பின் டயருக்கு டயர் இடுப்பு என்றார். புகைபோக்கியை அளந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்து, கழுத்து என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புக்கிங் பாரத்தோடு தோட்டத்துக்குப் போனேன். மரத்தடியில் நிஜமாகவே இரண்டு டிராக்டர் நின்றன. பிளாஸ்டிக் பைப்பில் கூடு கட்டி, பெரியதுக்குப் பழைய நீலத் திரைச்சீலை, சின்னதுக்குச் சிவப்பு லைனிங் துணி தைத்திருந்தார். விளக்குக்குக் கோட்டுப் பொத்தான்கூட வைத்திருந்தார். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பைப் அறுத்துக் கொடுத்தது கணவர்.

முதலில் சின்ன வண்டி. கணவர் கூட்டுக்குள் புகுந்து, இடுப்பில் பிடித்துக்கொண்டு நடந்தார். வரிசையின் கடைசி வரை போய், திரும்பி, ஒரு இலையும் உதிராமல் வந்தார்.

"பெரிசை நீங்க ஓட்டுங்க சார்," என்றார் டெய்லரம்மா. "விக்கறவர்தானே ஓட்டிக் காட்டணும்."

மறுக்க வழியில்லை. டை கட்டிக்கொண்டு திரைச்சீலைக்குள் நுழைந்தேன். இன்ஜினியர் முன்னால் பின்நடையாக நடந்து, "லெஃப்ட்ல ஒடி, போதும், நேராக்கு" என்று கையசைத்தார். மூன்றாவது மரத்தில் இடது தோள் மாட்டியது. விலகினேன், வலது தோள் மாட்டியது. கொய்யா ஒன்று உச்சந்தலையில் விழுந்தது.

"ஓட்டத் தெரியலையே உனக்கு," என்று சலித்துக்கொண்டு இன்ஜினியரே உள்ளே வந்தார். அவருக்கும் அதே மரம், அதே கிளை. மூன்று முறை ரிவர்ஸ் எடுத்தார். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து, துணி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் நான் உள்ளே இருந்தபோதே ஒன்று உறுத்தியது. அந்த வண்டியின் அகலம் எழுபது அங்குலம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் இரண்டு கையையும் விரித்தால் அறுபத்தெட்டு. அப்படியானால் விரல் நுனி கிட்டத்தட்ட துணியைத் தொடவேண்டும். நான் விரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அரைச் சாணுக்கு மேல் இடம் இருந்தது.

இன்ஜினியர் தொட்டியடியில் முகம் கழுவும்போது மெல்ல டெய்லரம்மா பக்கத்தில் போனேன். "அம்மா, அளவு கொஞ்சம் கூடுதலா இருக்கே."

"தையலுக்கு விட்டிருக்கேன்."

"பத்து அங்குலமா?"

"நாளைக்கு வண்டி உடம்பு வெச்சா பிரிச்சு விடணும்ல." முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், பெரிசு வாங்கினா சாவி அவர் வீட்டு ஆணியில தொங்கும். என் தோட்டத்தை உழ நான் மறுபடி அவர் வாசல்ல போய் நிக்கணும். என் காசுல வாங்கின வண்டிக்கு. இப்ப நீங்க அவர்கிட்ட சொல்லணும்னா சொல்லுங்க."

பதினாறு வருடத்தில் வாடிக்கையாளர் காதில் நான் எவ்வளவோ பூ சுற்றியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் எனக்கு முன்னாலேயே இன்னொருவர் காதில், அதுவும் அளவெடுத்துச் சுற்றுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொறாமையாகவே இருந்தது. புக்கிங் பாரத்தை எடுத்து, இருபத்திரண்டு எச்பி என்று எழுதினேன்.

வியாழக்கிழமை வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். சாவி வாங்குவது போல் போட்டோ எடுப்பது எங்கள் வழக்கம். இன்ஜினியர் தலை சீவி, கையை நீட்டியபடி தயாராக நின்றார். நான் அவரைத் தாண்டிப் போய் டெய்லரம்மா கையில் கொடுத்தேன்.

அவர் ஏறினார், ஸ்டார்ட் செய்தார். முதலில் வண்டி ஒரு துள்ளு துள்ளியது, அப்புறம் சீராகிவிட்டது. வரிசைக்குள் போய், கடைசியில் திருப்பி, எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். இன்ஜினியர் ஓரமாக நின்று வண்டியையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றரை அடி காலி இடம். வண்டி எங்கள் பக்கத்தில் வந்து நின்றதும் அவர் வரிசைக்குக் குறுக்கே அடிமேல் அடி வைத்து அளந்து பார்த்தார். முகம் மாறியது.

"என்னமோ இடிக்குதே," என்றார் என்னைப் பார்த்து. "அந்தப் பெரிசு எவ்வளவு அகலம்? கரெக்டா சொல்லு."

டெய்லரம்மா இன்ஜினை நிறுத்தினார். கம்பெனி கையேடு என் பையிலேயே இருந்தது, இன்ஜினியர் கேட்டால் எடுத்துக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

"எண்பது அங்குலம்," என்றது ஒரு குரல்.

கணவர்தான். "பைப்பை அறுத்தது நான். ரெண்டு தடவை அளந்துதான் அறுத்தேன். எண்பது."

அண்ணன் ஒரு விஷயத்தை இவ்வளவு அடித்துச் சொல்லி இன்ஜினியர் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. அப்புறம் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று முனகிக்கொண்டு கேட்டைப் பார்க்க நடந்தார்.

டெய்லரம்மா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"நீ எழுபதுன்னு எழுதி வெச்சதையும் பாத்தேன், எண்பதுல அறுன்னு சொன்னதையும் கேட்டேன்," என்றார் அவர். "நான் கடிதம் பிரிக்கறவன். அட்ரஸ் மாறியிருந்தா தெரியாதா?"

டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க," என்றார்.

ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரையும் மட்கார்டில் உட்கார வைக்கக்கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வண்டியை ஒப்படைக்கும்போது அதைப் படித்துக் காட்டுவது என் வேலை. நான் லாரியின் கயிற்றைச் சுருட்டுவதற்காக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.