சலப்பை நிறையாத நாள்

கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டால் போதும், இன்றைக்கும் என் தொண்டை தானாக மூடிக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பெண்களின் உடம்பு அப்படி. தூரப்பயணம் என்றால் முதல்நாள் பின்னேரமே தண்ணீரை நிறுத்திவிடுவோம். வழியில் எங்கே இறங்குவது? இடம்பெயர்ந்து அலைந்தபோது, ஒதுங்க ஒரு பற்றைச் செடிகூட இல்லாத வெளிகளில் பழகியது. சண்டை முடிந்தது, பழக்கம் முடியவில்லை.

அப்படித்தான் அன்று வட்டக்கச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாக்கு வறண்டு வந்து இறங்கினேன். ஆய்வுகூடத்தில் உருவாக்கி உறையவைத்திருந்த எங்கள் கடைசி முளையத்தைக் கருப்பைக்குள் வைக்கும் நாள். சலப்பை, அதுதான் சிறுநீர்ப்பை, நிரம்பியிருந்தால்தான் ஸ்கானில் வழி தெரியும், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஓம் ஓம் என்று தலையாட்டியவள்தான் நான்.

"குடிக்கேல்லையோ?" தாதி தன் நெற்றியில் கை வைத்தாள். "அக்கா, முளையத்தை ஐஸில இருந்து வெளியில எடுத்தாச்சு. இனித் திருப்பி வைக்கேலாது."

நடைவழியில் போத்தலோடு நின்றேன். குடித்தேன். குடிக்கக் குடிக்க எங்கே போகிறதோ.

"எங்கட கடைசி வயல் மாதிரித்தான் உம்மட உடம்பும்," என்றார் கூட வந்திருந்த கணவர். "வாய்க்காலைத் திறந்து விட்டாலும் தண்ணி வந்து சேராது."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறொன்றாகிவிட்டது. கதவுக்கு அப்பால், ஒரு பொட்டுக்கும் குறைந்த உயிரைக் காக்க வைத்திருந்தேன்.

அரைகுறையாக நிரம்பியபோதே கூப்பிட்டார்கள். முளையத்தைச் சுமந்த மெல்லிய குழாய் கருப்பை வழியின் உள்வளைவில் முட்டி நின்றது. டொக்டர் இழுத்தார், சரித்தார், மறுபடி விட்டார். பிறகு குழாயைப் பக்கத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, முளையம் இறங்கிவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். அங்கிருந்து குரல் வந்தது: "டொக்டர், இன்னும் குழாய்க்குள்ளதான் இருக்கு."

வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. படுத்துக் கிடப்பவளுக்குக் கைகள் எதற்கு? கட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் தரம் குழாய் வெறுமையாக வந்தது; அது உள்ளே இறங்கியிருந்தது. இப்போதுதான் சலம் முட்டியது. போகப் பயம்.

"எழும்பினா விழுந்திடுமோ, மிஸ்?"

"விழாதக்கா. அது என்ன மாங்காயோ?"

விடிந்தால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை; அவர் போகத்தான் வேண்டும். நான் சில நாள் இங்கேயே, தங்கையின் வீட்டில். ஆஸ்பத்திரி வாசலில், பஸ் யன்னலுக்குக் கீழே நின்று போத்தலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கொண்டக்டர் தகரத்தைத் தட்டினான்.

"இஞ்சருங்கோ, அது தங்கிடுமோ?"

போத்தலை என் பக்கமே தள்ளினார். பஸ் அசைந்தது.

"நீர் தண்ணியைக் குடியும்."