கிறிஸ்துமஸ் சட்டை

என் அக்கா கத்தரீனாள் தேவிகுளத்துப் பக்கம் தேயிலை கிள்ளுகிறாள். அவள் பிள்ளைகள் ஜின்சியும் ரிஜினும் காலையில் பாலில்லாத வெறும் கட்டன்சாயாவைக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு தரப்போவதாகப் பஞ்சாயத்து அறிவித்தது. ஆனால் கணக்கெடுக்க ஆள் வந்தது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஒரே நல்ல சட்டையோடு நின்றார்கள். எஸ்டேட் லயத்து வீடுகளில் எந்தத் தாயும் பிள்ளையைக் கிழிசலோடு கோயிலுக்கு அனுப்பமாட்டாள். வந்தவன் வாசலிலேயே நின்று பார்த்து, வறுமை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அக்கா பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். மெம்பர் சிரித்தானாம்.

"கிழிஞ்ச உடுப்ப மாட்டி ஒருக்கா கூட்டிட்டு வாங்கக்கா. போட்டோ எடுத்துப் பேரச் சேத்துருவோம்."

"பசி வயித்துலல்லா இருக்கு மெம்பரே! சட்டையில என்னத்தத் தேடுறீரு?"

தோகாவில் வேலை பார்க்கும் நான் இதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு வருகிற எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கரண்டி உப்புமா போட்டால் முடிந்தது. அதற்கு ஒரு பட்டியல், ஒரு போட்டோ! பிள்ளைகள் காய்கிறார்களே என்ற பதற்றத்தில், "கிழிசலையே மாட்டிவிடேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அக்கா போனை வைத்துவிட்டாள். மறுநாள் பிள்ளைகளை ஆபீசுக்குக் கூட்டிப் போனாள், அதே கிறிஸ்துமஸ் சட்டையில்.

பிள்ளைகளுக்குக் காலையில் இன்னும் வெறும் கட்டன்சாயாதான்.