காவலுக்கு நின்ற மெரில்

மெரில் ஹாக்ஸ்டட் எங்கள் மாவட்டத்து மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டுகிறவன். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. பனி விழ ஆரம்பித்ததும் வண்டிக்கு முன்னால் பெரிய தகட்டை மாட்டிக்கொண்டு பனி தள்ளுவான். தனியாக இருக்கிற பெண்களின் வாசலை யாரும் கேட்காமலே தள்ளிவிட்டுப் போவான். நன்றி சொல்ல அவர்கள் வெளியே வருவதற்குள் வண்டி அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும்.

என் தங்கை லோர்னாவைக் கட்டிக்கொண்டவன் அவன். பெண் கேட்க வந்த அன்று, என் அப்பாவோடு முக்கால் மணி நேரம் டிராக்டர் டயரைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போய்விட்டான். மறுநாள் திரும்ப வந்துதான் வந்த விஷயத்தைச் சொன்னான். இந்த ஊமைக்கோட்டானுக்கு எப்படித்தான் பெண் கொடுத்தோமோ என்று நான் அவன் காதுபடவே பல தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்பான், அவ்வளவுதான். எனக்கு எதிர்மாறான சுபாவம். ஊருக்குத் தபால்காரன் நான். டெல்மர் தபால் கொண்டு வருகிறான் என்பது அடுத்த தெருவுக்கே என் சத்தத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் மலையில் எல்க் மானைச் சுடுவது பெரிய காரியமில்லை. சுட்ட பிறகுதான் இருக்கிறது பாடு. குதிரை கனம் இருக்கும் மிருகத்தை விழுந்த இடத்திலேயே அறுத்து, துண்டுபோட்டு, முதுகில் சுமந்து இறங்க வேண்டும். அதற்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். கிரிஸ்லிக் கரடிகளுக்கோ வேட்டைக்காரன் துப்பாக்கிச் சத்தம் சாப்பாட்டு மணி. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் குனிந்து அறுப்பான், மற்றவன் பக்கத்தில் நின்று காட்டையே பார்ப்பான். நிற்கிறவன் கத்தியைத் தொடமாட்டான். அறுக்கிறவன் உயிர் அவன் கையில்.

பத்தொன்பது வருஷம் நான் அறுத்தேன், மெரில் நின்றான். இடுப்பில் கனத்த ரிவால்வர். ஊரில் அவனைப் போலச் சுட ஆள் கிடையாது. வான்கோழியைப் பரிசாக வைத்துத் தீயணைப்புச் சங்கம் நடத்தும் சுடும் போட்டியில் ஆறு வருஷம் தொடர்ந்து ஜெயித்ததால், ஏழாவது வருஷம் அவனை நடுவராக உட்காரவைத்து வாயை அடைத்துவிட்டார்கள். பேசாதவன் வாயை அடைப்பதில் என்ன லாபமோ!

போன வருஷமே எனக்குச் சந்தேகம் தட்டியது. காப்பிக் கோப்பையை ரெண்டு கையாலும் பிடித்தான். சட்டைப் பொத்தானை லோர்னா போட்டுவிட்டாள். நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

வேட்டை சீசனுக்கு ரெண்டு வாரம் முன்னால், வழக்கம்போல எல்லோரும் சரளைக் குழியில் கூடினோம். பழைய டயர் ஒன்றில் கரடி மூஞ்சி வரைந்த அட்டையைச் சொருகி, கயிறு கட்டி, ஓரமாக ஓடும் வண்டியால் விறுவிறுவென்று நம்மை நோக்கி இழுப்பார்கள். டயர் நம்மைத் தொடுவதற்குள் சுட வேண்டும். துப்பாக்கி வேண்டாம் என்கிறவர்கள் கரடி மூஞ்சியில் மிளகாய்க் காரம் அடிக்கும் ஸ்பிரே டப்பா வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் காரமில்லாத பழகு டப்பா உண்டு, அதை அடித்துப் பார்க்கலாம். இரும்புக்கடை டோரீன்தான் வண்டி ஓட்டுவாள். ரெண்டையும் விற்கிறவள் அவள்தான்.

"எது நல்லது டோரீன், நீயே சொல்லு" என்றேன்.

"எது வாங்குறியோ அது நல்லது. வியாபாரிகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றாள். "நிஜமாச் சொல்லணும்னா, ஓடிவர்ற கரடி மேல குண்டு படணும்னா கையும் கண்ணும் கல்லு மாதிரி இருக்கணும். ஸ்பிரே அப்படியில்ல. முன்னாடி ஒரு மேகம் போட்டுட்டா போதும்."

"கரடிக்கு நம்மளை மசாலா தடவிக் குடுக்கச் சொல்றே!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தோம்.

மெரில் முதல் ஆளாகப் போய் நின்றான். டோரீன் வண்டியை முடுக்கினாள். டயர் துள்ளிக்கொண்டு வந்தது. உறையிலிருந்து ரிவால்வர் வெளியே வரவே நேரமாகிவிட்டது. மூன்று குண்டு சுட்டான். மூன்றும் பின்னால் இருந்த மண்சுவரில் புழுதி கிளப்பின. டயர் வந்து அவன் முழங்காலில் இடித்துச் சாய்ந்தது.

மசாலா என்று கத்தியவன் குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை இறுக்கினான். மெரில் டயரைத் தூக்கி நிறுத்தி, அட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வந்தான்.

திரும்பும்போது என் வண்டியில்தான் வந்தான். பாதி வழி வரை பொறுத்தேன். அதற்குமேல் நம்மால் ஆகுமா?

"மாப்ளே, உன் கை நடுங்குது."

"குளிரு."

"யாருக்குக் காது குத்துறே? வண்டில ஹீட்டர் ஓடுது, இப்பவும்தான் நடுங்குது."

அவன் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"இந்த வருஷம் துப்பாக்கி வேணாம்டா. ஸ்பிரே எடுத்துக்க. அதுக்குக் குறி எல்லாம் வேண்டியதில்ல."

"டயரும் கரடியும் ஒண்ணா?"

"ஆமா, டயர் கடிக்காது! அங்க குனிஞ்சு உக்காந்திருக்கறவன் நான். எனக்கும் பொண்டாட்டி இருக்கா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இறங்கும்போது, "யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை. மற்றவர்களோடு போகலாமே என்று என் மனைவி சொன்னாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். மெரில் இல்லாமல் மலை ஏறுவதா? ஆனால் அந்த ரிவால்வரை நம்பி மறுபடி குனிந்து உட்காரவும் துணிச்சல் வரவில்லை. உண்மையைச் சொன்னால், பயந்துதான் போயிருந்தேன்.

பதினோராம் நாள் லோர்னா போன் செய்தாள்.

"அண்ணே, அவர்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சே? தினமும் கொட்டகையில அந்தப் பழகு டப்பாவை வச்சுக்கிட்டு நிக்கறாரு. சமையலறை கடிகாரத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. முட்டை வேகவைக்கக்கூட மணி தெரியல."

"பழகுறானா? நல்லதுதானே!" என்றேன். எனக்கு உயிர் வந்தது.

சீசன் தொடங்கிய அன்று விடியும்போதே வந்துவிட்டான். மார்பில் பட்டை போட்டு ஸ்பிரே டப்பாவை மாட்டியிருந்தான். இடுப்பில் ரிவால்வர் இல்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

பத்து மணிக்கு மேல், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவில் எனக்கு மான் கிடைத்தது. ஒரே குண்டு. கணுக்கால் அளவு பனி. கத்தியை எடுத்துக்கொண்டு மண்டி போடப் போனேன். மெரில் என் தோளைத் தொட்டான். மார்புப் பட்டையைக் கழற்றி என் கழுத்தில் போட்டான்.

"நீ நில்லு. நான் அறுக்கறேன்."

"ஏன்டா? ஸ்பிரேதான் சுலபமாச்சே."

"ஜூன்லயே டாக்டர்கிட்ட போனேன் மச்சான். இது நிக்காதாம், இனிமே கூடத்தான் செய்யுமாம்." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டப்பாவுல ஒரு பூட்டு இருக்கு, கட்டைவிரலால தள்ளணும். மனசு சொன்ன உடனே விரல் கேக்க மாட்டேங்குது, மெதுவா யோசிச்சுக் கேக்குது. கடிகாரத்தை வச்சுப் பார்த்துட்டேன். ஒருநாள்கூட நேரத்துக்குத் தள்ள முடியல."

நான் பட்டையை மார்பில் இறுக்கிக் கட்டினேன். "அப்ப சுட வேணாம், நிக்க வேணாம். கத்தி மட்டும் பிடிப்பியா?"

"அறுக்கறது அவசரமில்லாத வேலை" என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி மண்டி போட்டான்.

பத்தொன்பது வருஷம் அவன் செய்த வேலை எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு புதரும் அசைவதுபோல இருந்தது. கழுத்து வலித்தது. ஒண்ணுக்கு வந்தாலும் போக முடியாது. அவன் மெதுவாக, கோணல் மாணலாக, ஆனால் நிறுத்தாமல் அறுத்துக்கொண்டிருந்தான். ரெண்டு தொடை பைக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கரடி சத்தமே போடாமல் வந்தது. விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் ஒரு பழுப்பு முதுகு தெரிந்தது, அப்புறம் தலை. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது.

"மெரில், கரடி" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"எவ்ளோ தூரம்?" கத்தி நிற்கவில்லை.

"ஐம்பதடி. வருது."

"முப்பது வரட்டும். கீழே பார்த்து அடி."

அது தாடையைத் தட்டிச் சத்தம் எழுப்பியது. பிறகு ஓடி வந்தது. பூட்டைத் தள்ளி அழுத்தினேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் பனிமேல் பரந்தது. கரடி அதற்குள் மூஞ்சியை நுழைத்தது. ஒரு தும்மல், ஒரு உறுமல், பல்டி அடித்ததுபோல் திரும்பி, சரிவில் கிளைகளை முறித்துக்கொண்டு ஓடியது. டப்பா காலியாகும்வரை நான் விரலை எடுக்கவே இல்லை.

காற்று கொஞ்சம் எங்கள் பக்கம் திரும்பியது. ரெண்டு பேரும் இருமினோம். நான் காலி டப்பாவோடு பனியில் உட்கார்ந்தேன். மெரில் இருமிக்கொண்டே அறுத்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அடப்பாவி, நீ திரும்பிக்கூடப் பார்க்கலியே!"

"நீதான் நிக்கறியே."

"அதுக்காக?"

அவன் கத்தியைப் பனியில் துடைத்தான். "போன வருஷம் அறுக்கும்போது நீ என்னைப் பதினோரு தடவை திரும்பிப் பார்த்தே மச்சான். எண்ணினேன்."

எனக்கு முகம் எரிந்தது. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கோபம் வரலியா உனக்கு?"

"வந்துச்சு. வீட்டுக்குப் போய் லோர்னாகிட்டகூடச் சொல்லல. அப்புறம் யோசிச்சேன். என் கை ஆகாதுன்னு தெரிஞ்சும், அவ்ளோ பயத்தோட, கடைசி வரைக்கும் எந்திரிச்சுப் போகாம எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே உக்காந்திருந்தியே."

நான் அழுதேன். அவன் மானின் முன்னங்காலைத் தூக்கி என் பக்கம் நீட்டினான். பிடித்துக்கொண்டேன். அவன் மூட்டில் கத்தியை வைத்தான்.