பாறை மேல் நிறுத்திய வேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளி விடுமுறை. நாமக்கல் பக்கம், எருமப்பட்டியைத் தாண்டிய ஒரு மானாவாரிக் காட்டில் நடந்தது இது.

அப்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். என் கணவருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்த ஒரு வேனை வாங்கி வந்து, ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதிலேயே போக்கினார். உள்ளே இரண்டு பலகைப் படுக்கை, மண்ணெண்ணெய் ஸ்டவ் வைக்க ஒரு மேடை, கூரைமேல் தண்ணீர் டிரம், அதிலிருந்து உள்ளே வரும் ஒரு குழாய். நினைத்த இடத்தில் நிறுத்தி, சமைத்து, படுத்து, மலையும் அருவியும் பார்க்கலாம் என்பது அவர் ஆசை. எனக்கும் எங்கள் இரண்டு பெண்களுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

துறையூர் வழியாக வந்து, புளியஞ்சோலையில் விரல் நுனி சுருங்கும்வரை குளித்தோம். அடுத்து கொல்லிமலை, பிறகு ஏற்காடு என்று திட்டம். சாயங்காலம் எருமப்பட்டி தாண்டியதும் ஒரு மண்பாதை. அதன் முடிவில், தரையோடு தரையாகப் படர்ந்த பெரிய பாறை. ஒரு சருகுகூட இல்லாமல் அவ்வளவு சுத்தம். எதிரே கொல்லிமலை முழுசாகத் தெரிந்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பாறை நடுவில் வேனை ஏற்றி நிறுத்திவிட்டோம்.

மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “பட்டணத்துல இருந்துங்களா?” என்றார். ஆமாம் என்றோம். சற்று நின்றுவிட்டு, “எப்பங்க கெளம்பறீங்க?” என்றார்.

இடம் ரொம்பப் பிடித்துவிட்டது, நாளை சாயங்காலம்தான் என்றார் என் கணவர் உற்சாகமாக. வந்தவர் மலையைப் பார்த்தார், எங்கள் பெண்கள் பாறையில் நொண்டி விளையாடுவதைப் பார்த்தார். “ஆகட்டுங்க, இருங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி வந்தார். எனக்கு ஒரே பெருமை. கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, குழாயைத் திறந்து காட்டினேன், படுக்கையை மடக்கிக் காட்டினேன், ஸ்டவ்வில் காபி போட்டுக் கொடுத்தேன். “நல்லா இருக்குதுங்க” என்று சிரித்தபடி அடிக்கடி ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தேன். அவர் போன பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்தப் பாறையிலேயே கொட்டினேன்.

அடுத்த நாள் மதியம் டிரம்மில் தண்ணீர் தீர்ந்தது. குடத்தோடு அவர்கள் கிணற்றுக்குப் போனேன். கிணற்றுமேட்டில் பனை ஓலை போட்டு மூடிய ஒரு பெரிய குவியல். அந்தப் பெண் ஓலையை விலக்கி உள்ளே கை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். நிலக்கடலை. பிடுங்கி ஆய்ந்த ஈரக் காய். நானும் கை வைத்துப் பார்த்தேன். அடுப்புப் பக்கம் வைத்ததுபோல் சுட்டது.

“ஏன் இப்படிக் குவித்து வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“காய வெக்கோணுமுங்க. குமிச்சே கெடந்தா வெந்து போயிரும்.”

“எங்கே காயவைப்பீர்கள்?”

அவர் தலையைக் குனிந்தபடி, “அந்தப் பாறையிலதானுங்க” என்றார். “முந்தாநாளு கூட்டி உட்டமுங்க.”

ஏன் சொல்லவில்லை என்றேன்.

“வந்தவங்கள எந்திரிச்சுப் போங்கன்னு எப்படிங்க சொல்றது? புள்ளைங்க வேற அத்தனை சந்தோசமா வெளையாடுதுங்க.”

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். என் கணவர் விஷயம் கேட்டதும் உடனே வேனைப் பாறையிலிருந்து கீழே இறக்கினார். ஆனால் அதற்குள் கொல்லிமலை மறைந்துவிட்டது. கருமேகம். காயைக் கூடையில் அள்ளிப் பாறைக்குக் கொண்டுவரும் முன்பே முதல் தூறல் விழுந்தது.

அவர்களுடையது சின்ன ஓட்டுவீடு. மாட்டுக்கொட்டகையோ ஒழுகும். அந்த மனிதர் முதல்முறையாகப் பதற்றத்தோடு, “அடுத்த வெதைப்புக்கான விதைக்காய மட்டுமாச்சும் காப்பாத்தோணும்” என்று மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் கணவர் வேனைக் கிணற்றுமேட்டுக்கு ஓட்டிவந்து கதவைத் திறந்தார். மெத்தை, பெட்டி, ஸ்டவ் எல்லாவற்றையும் அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இறக்கினோம். விதைக்காயைப் படுக்கைகளிலும் தரையிலும் மெல்லிசாகப் பரப்பினோம். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். பெரியவர்களும் என் பெண்களும் மாறிமாறிக் கையால் கிளறிக்கொண்டே இருந்தோம்.

மழை இரண்டு நாள் விடவில்லை. அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, அவர்கள் வீட்டில்தான் தூக்கம். விதைக்காய் தப்பியது. குவியலில் கிடந்த மீதியில் அடிப்பகுதி கறுத்து, முளைவிட்டுப் போயிருந்தது. அதைப் பிரித்துத் தள்ளியபோது அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். “மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார். மழை மட்டும் காரணமில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. காயைப் பாறையில் பரப்பி, வேனைப் பெருக்கினோம். விடுமுறை முடிந்துவிட்டது. கொல்லிமலை ஏறாமலே சென்னைக்குத் திரும்ப வேண்டும். அப்போது அந்தப் பெண் வேனுக்குள் எட்டிப் பார்த்து, “ஒருக்கா படுத்துப் பார்க்கட்டுங்களா?” என்றார். படுத்துக்கொண்டார். என் கணவர் மண்பாதை முனைவரை ஓட்டிப்போய்த் திரும்பினார். வழியெல்லாம் அந்தப் பெண் கலகலவென்று சிரித்தார். குழாயைத் திறந்து திறந்து மூடினார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், கூரையைத் தட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் நான் அவ்வளவு பெருமையாகக் காட்டியபோது, அவர் அந்த வண்டியைப் பார்க்கவே இல்லை.

அதன்பிறகு எத்தனையோ மலை, எத்தனையோ காடு பார்த்துவிட்டோம். ஆனால் ஓர் இடத்தில் கால் வைத்ததும், இங்கே நாங்கள் இருப்பதால் யாருடைய வேலையாவது நின்றுபோகிறதா என்று கேட்டு, பதிலாக வரும் சிரிப்போடு திருப்தி அடையாமல் இன்னொரு முறையும் கேட்க, எனக்கு இன்றுவரை கூச்சம் வந்ததில்லை.